புலியையும் செதுக்கிய கல்

 

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றியும், ஒர்க்ஷாப்பில் அரம் போட்டுக் கை கொப்பளித்ததைப் பற்றியும் எழுதலாம் என்றுதான் முதலில் உட்கார்ந்தேன். அவற்றை என்னைவிடச் சுவையாக எழுதக்கூடியவர்கள் நம் சங்கத்தில் பலர் உண்டு. நான் 2011-ல் மெக்கானிக்கல் முடித்து, பனியன் கம்பெனிகளில் பராமரிப்புப் பொறியாளராகக் காலம் தள்ளுகிறவன். வரலாற்றுப் பாடம் எனக்குப் பத்தாம் வகுப்போடு சரி. ஆனாலும் இந்த முறை ஒரு வரலாற்றுக் கட்டுரையே எழுதத் துணிந்தேன். அதற்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கிறது. அதையும் மறைக்காமல் இதிலேயே சொல்லிவிடுகிறேன்.

நம் நாட்டில் பெருந்துயரம் நடந்த இடங்களில் நினைவிடங்கள் இருக்கின்றன. அங்கெல்லாம் எதற்காகப் போக வேண்டும்? போனால் எதைப் பார்க்க வேண்டும்? இதுதான் என் கட்டுரையின் கேள்வி.

அப்பாரு காட்டிய கல்

பொங்கலூரில் எங்கள் தோட்டத்துக்குப் போகிற இட்டேரியில், கிளுவை வேலியோரம் ஒரு பழைய கல் நின்றது. ஓர் ஆள் ஈட்டியை ஓங்கி நிற்பான். ஒரு புலி அவன் மேல் பாய்ந்தபடி இருக்கும். வெள்ளிக்கிழமை அந்த வழியாகப் போகிறவர்கள் ஒரு பூ வைத்துவிட்டுப் போவார்கள். சின்ன வயதில் எனக்கு ஒரு சந்தேகம். அப்பாருவிடம் கேட்டேன்.

"ஏனுங் அப்பாரு, சாமி கும்பிடற கல்லுல புலி எதுக்குங்? அதையுமா கும்பிடறோம்?"

அப்பாரு தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார். "புலி இல்லீன்னா, இவன் எதுல செத்தான்னு உனக்கு எப்படித் தெரியும் கண்ணு? ராத்திரி இந்த வழியில தனியா வராதேன்னு சொல்றதுக்குத்தான் புலி."

புலிகுத்திக் கல் என்று இதற்குப் பெயர். கொங்கு நாட்டில் இத்தகைய கற்கள் ஏராளம். ஆநிரை மீட்கப் போய் மாண்டவனுக்கு ஒரு கல், போரில் விழுந்தவனுக்கு ஒரு கல் என்று தமிழ்நாடு முழுவதும் நடுகற்கள் நிற்கின்றன. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கண்டெடுக்கப்பட்ட நடுகல்லில் தமிழி எழுத்து உள்ளது. அது இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேல் பழமையானது. கல்லைத் தேர்ந்தெடுப்பது, நீராட்டுவது, நடுவது, வாழ்த்துவது என்று அந்தச் சடங்கின் படிகளைத் தொல்காப்பியமே வரிசைப்படுத்துகிறது. நினைவுச்சின்னம் என்பது வெள்ளைக்காரன் நமக்குச் சொல்லிக் கொடுத்த சங்கதி அல்ல, நண்பர்களே!

நம் முன்னோர் இறந்தவனின் உருவத்தோடு நிறுத்தவில்லை. அவன் எப்படி இறந்தான் என்பதையும் கல்லில் வெட்டினார்கள். அப்பாரு சொன்ன அந்த ஒரு வரிக்குப் பொருள் எனக்கு முழுதாகப் புரிய இருபது வருடம் ஆயிற்று.

தினம் கடந்துபோகும் குமரன்

திருப்பூரில் வேலை செய்கிற, அல்லது படிக்கிற காலத்தில் பஸ் மாறிய யாருக்கும் ரயில் நிலையத்தின் அருகே உள்ள குமரன் நினைவிடம் தெரியாமல் இருக்காது. நான் எத்தனை நூறு முறை அதைக் கடந்திருப்பேன்! "குமரன் சிலைகிட்ட நில்லு, வந்துடறேன்" என்று நண்பர்களுக்குச் சொன்னதைத் தவிர, உள்ளே காலடி வைத்ததில்லை. என்னைப் போன்றவர்கள் நம்மில் அதிகம் என்றே நினைக்கிறேன்.

சென்னிமலையில் நெசவுக் குடும்பம் ஒன்றில் 1904-ல் பிறந்தவர் குமரன். 1932 ஜனவரித் தொடக்கத்தில் காந்தியடிகள் கைது செய்யப்பட்டபின் நாடெங்கும் மறியலும் ஊர்வலமும் நடந்தன. ஜனவரி 10-ம் தேதி திருப்பூரிலும் கொடியோடு ஒரு சிறு ஊர்வலம் கிளம்பியது. போலீஸ் தடியடியில் குமரனின் மண்டை உடைந்தது. மறுநாள், 11-ம் தேதி, ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது. அப்போது வயது 27. கொடியைக் கீழே விடாததால் கொடிகாத்த குமரன் ஆனார். 2004-ல் அவருக்குத் தபால் தலையும் வெளியானது.

குமரனுக்குச் சிலை வைக்கிறவர்கள் எல்லோரும் கொடியைத் தவறாமல் வடிக்கிறார்கள். தடியை யாரும் வடிப்பதில்லை. ஆகவே நம் பிள்ளைகளுக்குக் கொடி தெரிகிறது, தடி தெரிவதில்லை. கையில் ஆயுதம் இல்லாத சிலரை, அமைதியாக நடந்து போனதற்காக, மண்டை உடையும்படி அடிக்கலாம் என்று ஓர் அரசாங்கம் நினைத்தது. அந்த இடத்துப் புலி அதுதான். புலியை விட்டுவிட்டு வீரனை மட்டும் கும்பிட்டால், நமக்கு மாலை போடத்தான் தெரியும். மறுபடி புலி வந்தால் அடையாளம் தெரியாது.

லூதியானாவிலிருந்து அமிர்தசரஸ்

2018 டிசம்பரில் கம்பெனி வேலையாக லூதியானா போக வேண்டியிருந்தது. நமக்குப் பருத்திப் பனியன் எப்படியோ, அவர்களுக்குக் கம்பளி ஸ்வெட்டர் அப்படி. நிட்டிங் மிஷின் பார்க்க வேண்டிய வேலை முடிந்ததும் ஒரு நாள் கையில் மிச்சம் இருந்தது. அங்கிருந்து அமிர்தசரஸ் பக்கம்தான். பொற்கோவிலைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். கோவிலிலிருந்து சில நிமிட நடையில் ஜாலியன்வாலா பாக் என்றார்கள். நடந்தேன்.

கடைத்தெருவில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு சந்து. இருபுறமும் உயரமான வெறும் சுவர். எதிரே ஒரு குடும்பம் வந்தது. நான் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டியதாயிற்று. அந்தச் சந்து முடிந்ததும் சட்டென்று ஒரு பெரிய திடல்.

1919 ஏப்ரல் 13, வைசாகித் திருநாள். ரவுலட் சட்டத்தை எதிர்த்தும், டாக்டர் சத்யபால், டாக்டர் கிச்லு ஆகிய தலைவர்களை அரசு பிடித்துக்கொண்டு போனதைக் கண்டித்தும் அங்கே கூட்டம். திருவிழாவுக்கு வந்த கிராமத்து ஜனங்களும் இருந்தார்கள். கூட்டம் போடக்கூடாது என்ற தடையுத்தரவு ஊரின் சில இடங்களில் மட்டுமே வாசிக்கப்பட்டிருந்தது. பலருக்கு அது தெரியாது. மாலையில் பிரிகேடியர் ஜெனரல் டயர் 90 சிப்பாய்களோடு அந்தச் சந்து வழியாக உள்ளே வந்தான். அவர்களில் 50 பேரிடம் ரைஃபிள். எச்சரிக்கை ஏதும் இல்லை. சுமார் பத்து நிமிடம், 1,650 குண்டுகள். ஜனங்கள் எந்தப் பக்கம் வழி தேடி முண்டியடித்தார்களோ அந்தப் பக்கம் பார்த்துச் சுட்டார்கள். அரசுக் கணக்கில் செத்தவர்கள் 379 பேர். காங்கிரஸ் நடத்திய விசாரணை சுமார் ஆயிரம் என்றது. அங்கிருந்த கிணற்றில் குதித்தும் பலர் மாண்டார்கள்.

நான் தொழிலில் பொறியாளன் என்பதாலோ என்னவோ, சுவரில் வெள்ளைக் கோடு போட்டுக் காட்டியிருந்த குண்டுத் துளைகளை விட எனக்கு முதலில் கண்ணில் பட்டது வழிதான். அவ்வளவு பெரிய திடலுக்கு இருந்தவை ஒடுக்கமான சில வழிகள் மட்டுமே. டயர் வெளியே இரண்டு கவச வண்டிகளை மிஷின் கன்னோடு கொண்டு வந்திருந்தான். சந்து குறுகல் என்பதால் அவை உள்ளே நுழைய முடியவில்லை. நுழைய முடிந்திருந்தால் அவற்றையும் பயன்படுத்தியிருப்பேன் என்று ஹண்டர் கமிட்டி முன் அவனே ஒப்புக்கொண்டான். ஆயிரக்கணக்கானவர்கள் தப்ப முடியாமல் போனதற்கும், இன்னும் பல ஆயிரம் பேர் சாகாமல் போனதற்கும் அந்த ஒரே சந்தின் அகலம் காரணம். புத்தகத்தில் இதைப் படித்திருக்கலாம். ஆனால் சுவரோடு ஒட்டி நின்று அடுத்தவருக்கு வழிவிடும்போது உடம்புக்குப் புரிவது வேறு.

அன்றிரவு ஊரடங்கு. காயம்பட்டவர்களைத் தூக்கிப்போக ஆள் இல்லை. ரத்தன் தேவி என்ற பெண்மணி கணவரின் உடலை மடியில் வைத்துக்கொண்டு, நாய்கள் நெருங்காமல் ஒரு மூங்கில் கழியால் விரட்டியபடி, இரவு முழுதும் அந்தத் திடலிலேயே உட்கார்ந்திருந்தார். பின்னாளில் அவர் சொன்ன வாக்குமூலம் காங்கிரஸ் விசாரணையில் பதிவாகி இருக்கிறது.

செய்தி மெதுவாகத்தான் வெளியே பரவியது. வைஸ்ராயின் நிர்வாக சபையில் இருந்த சங்கரன் நாயர், ஒரு காலத்தில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர், 1919-லேயே பதவியை உதறினார். தாகூர் தன் சர் பட்டத்தைத் துறந்தார். 1920-ல் பொதுமக்களிடம் ஐந்து லட்சம் ரூபாய்க்கும் மேல் வசூல் செய்து அந்த நிலத்தையே வாங்கிவிட்டார்கள். அன்றைய ஐந்து லட்சம் என்ன மதிப்பு என்று யோசித்துப் பாருங்கள்! அந்த வேலையில் முன் நின்றவர் சஷ்டி சரண் முகர்ஜி என்ற வங்காள டாக்டர். அன்று கூட்டத்தில் இருந்து உயிர் தப்பியவர். அவர் குடும்பம் மூன்று தலைமுறையாக அங்கேயே தங்கி அந்த இடத்தைப் பராமரித்து வந்திருக்கிறது. நினைவுத் தூணை 1961 ஏப்ரல் 13 அன்று குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் திறந்து வைத்தார்.

திரும்பி வரும்போது அதே சந்தில் நின்றேன். அப்போதுதான் எனக்கு வேண்டாத ஒரு ஞாபகம் வந்தது. எங்கள் கம்பெனியின் பின்பக்கப் படிக்கட்டு!

நான் போட்ட கையெழுத்து

நண்பர்களே, இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் எழுதியே ஆக வேண்டும்.

நான் அப்போது வேலை செய்த கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். மூன்றாவது மாடியில் செக்கிங், அயர்னிங், பேக்கிங். ஷிப்மென்ட் நேரத்தில் 140 பேர் வரை இருப்பார்கள், பாதிக்கு மேல் பெண்கள். இறங்க இரண்டு படிக்கட்டு. முன்படியில் அட்டைப்பெட்டி அடுக்கி, ஓர் ஆள் இறங்கத்தான் இடம் இருக்கும். பின்படிக் கதவில் பூட்டு. "பீஸ் வெளிய போயிடும்" என்பது காரணம். சாவி சூப்பர்வைசர் மேஜை டிராயரில்.

2017-ல் பையர் ஆடிட் வந்தது. முதல் நாள் ராத்திரியே அட்டைப்பெட்டிகளை எல்லாம் கீழே இறக்கினோம். பூட்டைக் கழற்றினோம். படிக்கட்டுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தோம். அவசர வழிகள் எப்போதும் திறந்திருக்கின்றன என்ற தாளில் பொறியாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டது நான்தான். ஆடிட்டர் போன மறுநாள் பூட்டு பழைய இடத்துக்கு வந்துவிட்டது. நான் பார்த்தேன். எதுவும் சொல்லவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம், எல்லா இடத்திலும் இப்படித்தானே என்ற சமாதானம். இரண்டு வருடம் அந்தப் பூட்டைத் தினமும் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

அமிர்தசரஸிலிருந்து ஊர் திரும்பியும் நான் உடனே எதுவும் செய்துவிடவில்லை. அதுதான் உண்மை.

நம் வீதியின் கிழக்குக் கோடி

பொங்கலூர் வழியாகப் போகும் கோவை–திருச்சி ரோட்டில் கிழக்கே போனால் காங்கயம், வெள்ளகோவில், கரூர், திருச்சி. அப்புறம் தஞ்சாவூர், கும்பகோணம். நம் பக்கத்து ஜனங்கள் நவக்கிரகக் கோவில்களுக்கு வேன் பிடித்துப் போகிற வழி அதுதான். 2019-ல் நானும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். சாமி தரிசனம் எல்லாம் முடிந்து, கும்பகோணம் பாலக்கரையில் வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

"இங்க என்ன கோயில் தம்பி?" என்றார் அம்மா.

"கோயில் இல்லீங்மா. ஸ்கூல்ல எரிஞ்சு போச்சே கொழந்தைங்க, அதுகளுக்குக் கட்டுன மண்டபம்."

அம்மா வேறொன்றும் கேட்கவில்லை. கோவிலில் கொடுத்த பூவில் மிச்சம் இருந்ததைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார்.

2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. கும்பகோணம் காசிராமன் தெருவில் ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் நடந்து வந்தன. காலை பதினோரு மணியளவில் சத்துணவு சமைத்த இடத்தில் பிடித்த தீ கூரைக்குத் தாவியது. சின்னக் குழந்தைகள் படித்த மேல்தளத்துக்குக் கீற்றுக் கூரை. எரிந்த கூரை அவர்கள் மேலேயே விழுந்தது. இறங்கி ஓட ஒடுக்கமான படிக்கட்டு. 94 குழந்தைகள் போய்விட்டார்கள். எல்லோரும் ஆரம்பப் பள்ளி வயது. நாடே அன்று அழுதது. எனக்கு அப்போது பதினான்கு வயது. எங்கள் பள்ளிக்கூடத்திலும் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போட்டிருந்த கீற்றை அந்த வாரமே பிரித்தார்கள்.

தமிழ்நாடு முழுவதும் பள்ளிக் கூரைகளில் கீற்றை அகற்ற அரசு உத்தரவிட்டது. நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கும்பகோணத்தை முன்வைத்தே, பாதுகாப்பான பள்ளியில் படிப்பதும் கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்து, நாடெங்கும் உள்ள பள்ளிகளுக்குத் தீத்தடுப்பு விதிகளைக் கட்டாயமாக்கியது. கிரிமினல் வழக்கின் தீர்ப்பு வரப் பத்து வருடம் ஆயிற்று. 2014 ஜூலை 30 அன்று தஞ்சாவூர் நீதிமன்றம் 10 பேரைத் தண்டித்தது, 11 பேரை விடுவித்தது. 2017-ல் உயர் நீதிமன்றத்தில் அந்தத் தண்டனைகளும் பெருமளவு குறைந்தன. பெற்றோர்கள் மட்டும் ஒவ்வொரு ஜூலை 16-க்கும் அந்தப் பள்ளியின் முன் பிள்ளைகளின் படங்களை வைத்து, விளக்கேற்றி, அவர்களுக்குப் பிடித்த தின்பண்டங்களைப் படைத்து வருகிறார்கள்.

அம்மா பூவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். வண்டி ஏறிய பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இன்ஜினியருங்க யாரும் முன்னாடியே வந்து பார்க்கலையா சாமி?"

அம்மாவுக்கு எங்கள் கம்பெனிப் பூட்டைப் பற்றி எதுவும் தெரியாது. சாதாரணமாகத்தான் கேட்டார். திருச்சி தாண்டும் வரை நான் பேசவில்லை.

பூட்டு கழன்ற கதை

ஊருக்கு வந்த திங்கட்கிழமை ஓனரிடம் போனேன். நல்ல மனிதர்தான். நாலு மிஷினில் தொடங்கி மேலே வந்தவர்.

"பின்பக்கக் கதவுல பூட்டு வேண்டாங்ணா."

"பீஸ் வெளிய போனா யாருங்க தம்பி பொறுப்பு?"

"ஆள் வெளிய போக முடியலீன்னா நான் பொறுப்புங்ணா. கையெழுத்து என்னுது."

அன்றைக்கு அவர் பதில் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து, ஒரு தடவை எல்லோரையும் இறக்கிப் பார்க்க மட்டும் அனுமதி கொடுத்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மணி அடித்தோம். தீ இல்லை, புகை இல்லை, பதற்றம் இல்லை. அப்படியும் முன்படி வழியாகக் கடைசி ஆள் தரைக்கு வர ஒன்பது நிமிடம் ஆயிற்று. வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு கீழே நின்ற ஓனர் முகம் மாறிவிட்டது. அந்த வாரமே பூட்டு போயிற்று. உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் பட்டைக் கதவு வைத்தோம். திறந்தால் மணி அடிக்கிற மாதிரி ஓர் அலாரம் சேர்த்தோம். பீஸ் போகும் என்ற பயத்துக்கும் அதுவே மருந்து. மொத்தச் செலவு ஒரு பவர் டேபிள் மிஷின் விலைக்குள் அடங்கியது!

நம் தொழிலின் கல்வெட்டுகள்

அதற்குப் பிறகுதான் நம் தொழிலின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் என்ற ரெடிமேட் கம்பெனியில் தீப்பிடித்தது. எட்டு, ஒன்பது, பத்து ஆகிய மேல்மாடிகள். ஒன்பதாவது மாடியில் ஒரு கதவு பூட்டியிருந்தது. காரணம்? துணி திருட்டுப் போகும்! தீயணைப்பு ஏணி ஆறாவது மாடி வரைதான் எட்டியது. வெளிப்பக்க இரும்புப் படி பாரம் தாங்காமல் சரிந்தது. 146 பேர் மாண்டார்கள். பெரும்பாலும் பிழைப்புத் தேடி வந்த இளம்பெண்கள். முதலாளிகள் இருவரும் வழக்கில் விடுதலையானார்கள். ஆனால் அன்று தெருவில் நின்று அதைக் கண்ணால் பார்த்த பிரான்சிஸ் பெர்கின்ஸ் என்ற பெண்மணி, தொழிற்சாலைச் சட்டங்களுக்காகவே உழைத்து, 1933-ல் அமெரிக்காவின் தொழிலாளர் அமைச்சரானார்.

நமக்குப் பக்கத்திலேயே, டாக்கா அருகே சாவாரில், 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் சரிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் கண்டது. கீழே இருந்த பேங்கும் கடைகளும் மூடிவிட்டன. தையல் கம்பெனிக்காரர்களை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். இப்போது அங்கே தொழிலாளர் அமைப்புகள் எழுப்பிய ஒரு சிறு நினைவுச்சின்னம் நிற்கிறது.

அமிர்தசரஸில் அரசாங்கம் சுட்டது. மற்ற இடங்களில் அலட்சியமும் லாபக் கணக்கும் கொன்றன. இரண்டையும் ஒரே தராசில் நான் வைக்கவில்லை. ஆனால் எல்லா இடத்திலும் செத்தவர்கள் கடைசியாகத் தேடியது ஒரு வழியைத்தான். நேரில் போய் நின்றால் அந்த வழியின் அகலம் தெரியும். அந்த அளவை ஊருக்குக் கொண்டு வந்து நம் வாசலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

புலியை அழித்தால்?

2023-ல் மறுபடி லூதியானா வேலை வந்தது. மறுபடி அமிர்தசரஸ் போனேன். இடையில் 2021 ஆகஸ்டில் ஜாலியன்வாலா பாக் புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பட்டிருந்தது. அந்தச் சந்தின் இரு சுவரிலும் இப்போது புடைப்புச் சிற்பங்கள். திருவிழாவுக்குப் போகும் ஆண்கள், பெண்கள், குழந்தைகளின் உருவங்கள். பளபளவென்று தரை. கிணற்றைச் சுற்றிக் கண்ணாடி. ஒளி, ஒலிக் காட்சியும் உண்டு. செய்தவர்கள் மரியாதையாகத்தான் செய்திருப்பார்கள். ஆனால் வரலாற்றாசிரியர்கள் பலர் அப்போதே குறை சொன்னது எனக்கு நேரில் புரிந்தது. சந்தில் நின்று இளைஞர்கள் சிரித்தபடி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். வெறும் சுவராக இருந்தபோது அந்தச் சந்து தானாகப் பேசியது. இப்போது சிற்பத்தைத்தான் பார்க்கத் தோன்றுகிறது, குறுகலைப் பார்க்கத் தோன்றவில்லை. கல்லில் இருந்த புலியைச் சுரண்டி எடுத்துவிட்ட மாதிரி இருந்தது.

அதே 2023 அக்டோபரில் நியூயார்க்கில் டிரையாங்கிள் தீவிபத்துக்கு நினைவுச்சின்னம் திறந்தார்கள். நூற்றுப் பன்னிரண்டு வருடம் கழித்து! அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது, ஒரு பல்கலைக்கழகம் அதில் நடக்கிறது. ஒன்பதாவது மாடியிலிருந்து கீழ்நோக்கி ஓர் எஃகுப் பட்டை இறங்குகிறது. கீழே, தலைக்கு மேல் உயரத்தில், இறந்தவர்களின் பெயர்களை எஃகிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். நான் நேரில் பார்த்ததில்லை, படத்தில்தான் பார்த்தேன். அண்ணாந்து பார்க்கிறவனுக்கு எந்த மாடியிலிருந்து என்பது சொல்லாமலே விளங்கும். நம் அப்பாருகள் செதுக்கிய புலி அங்கே இருக்கிறது.

ஒரு வேண்டுகோள்

நம் சங்கத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். ஒவ்வொரு ஆண்டும் மூன்றாம் ஆண்டு மாணவர்களை ஒரு பஸ்ஸில் ஏற்றி இத்தகைய ஓர் இடத்துக்கு அனுப்புவோம். வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருப்பூரில் குமரன் இருக்கிறார். 1970 ஜூன் 19 அன்று மின் கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான மூன்று விவசாயிகளின் நினைவைப் பெருமாநல்லூர் சுமக்கிறது. ஒரு நாள் பயணத்தில் கும்பகோணம். வாய்ப்புள்ளவர்கள் அமிர்தசரஸ். பஸ் செலவில் முதல் பங்கு என்னுடையது.

மாணவத் தம்பி தங்கைகளே! அங்கே போனால் செருப்பைக் கழற்றிக் கும்பிடுங்கள், தப்பில்லை. கும்பிட்டு முடித்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். இவர்கள் யார்? இவர்கள் எதில் செத்தார்கள்? அது இன்றைக்கு என் ஊரில், என் வேலையில், என் கையெழுத்தில் எங்கே இருக்கிறது? மூன்றாவது கேள்விக்குப் பதில் தேடாமல் திரும்பினால் அது வெறும் சுற்றுலா. நீங்கள் நாளைக்குக் கையெழுத்துப் போடப் போகிறவர்கள். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. புதுக் கதவு வைத்த பிறகு, அதன் உட்பக்கத்தில் ஒரு சின்னத் தகரப் பலகை மாட்டினேன். "இந்தக் கதவு 2019 வரை பூட்டியிருந்தது" என்று மட்டும் எழுதியிருந்தேன். ஓனர் பார்த்துவிட்டுச் சங்கடப்பட்டார்.

"எதுக்குங்க தம்பி நம்ம தப்ப நாமளே எழுதி வெக்கோணும்?"

இட்டேரிக் கல்லைப் பற்றியும், அப்பாரு சொன்னதைப் பற்றியும் அவரிடம் சொன்னேன். அவரும் தோட்டம் காடு என்று வளர்ந்தவர். கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். "சரி, இருக்கட்டும்" என்றார்.

நான் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறேன். பலகை இன்னும் அங்கே இருக்கிறது என்று பழைய ஆட்கள் சொல்கிறார்கள். புதிதாக வேலைக்குச் சேருகிற பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு, "எதுக்குப் பூட்டியிருந்தாங்க?" என்று கேட்கிறார்களாம்.

அவர்கள் கேட்பதற்காகத்தான் அந்தப் பலகையை மாட்டினேன்.

நம் கல்லூரி வாழ்க! சங்கம் வளர்க!